பாயிரம் இல்லாத ஒரு கதை

(பழைய மாணவர் ஒருவர், ரொறன்ரோ)

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு எழுதுவோர் தம் ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியோ, விளையாட்டு மைதானத்து வெற்றிகளைப் பற்றியோ, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ எழுதுதல் வழக்கு. அவற்றை எழுதுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். மலர்க் குழுவினர் எதைப் பற்றியாயினும் எழுதலாமென எனக்கு இடந்தந்தமையால், யான் ஒரு கணனி விளையாட்டின் தொடக்கத்தைப் பற்றி எழுதப் புகுகின்றேன். மூத்தோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். சிறிது பொறுத்தருள்வார்களாக. கதையொன்று எவ்வாறு தொடங்குகின்றது என்னும் வினா எமது வகுப்பறையில் நன்கு பழகிய வினாவே.

எமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் நன்னூற் பாயிரத்திற்கு மாத்திரம் ஒரு தவணை முழுவதையும் எடுத்துக்கொள்வார். நூல் செய்தோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினையும் எம்மை விரல்விட்டு எண்ணச் செய்வார். காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் கூட்டிப் பதினொன்றென்பாரும் உளர் என்று சொல்லி, அவற்றையும் எண்ணச் செய்வார். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது பவணந்தியார் துணிபு. எமது ஊர்க் கூத்துக்களிலும் இதே நிலைதான். கட்டியகாரன் முன்னே வந்து, வருபவர் இன்னார், அவர்தம் பெருமை இத்தகையது எனக் கூறிய பின்னரே அரசர் களரிக்கு வருவார். வந்த அரசரும் தாம் அரசரென்பதைத் தம் வாயாற் பாடி உறுதி செய்வார். சிலப்பதிகாரப் பதிகமோ கதையின் முடிவையே முற்கூட்டிக் கூறிவிடுகின்றது. வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நின்றாளைக் கண்ட குன்றக்குறவர் இளங்கோவடிகளிடம் வந்து உரைப்பதும், சாத்தனார் நிகழ்ந்தவற்றை விரிப்பதும் நூலின் வாயிலிலேயே வந்துவிடுகின்றன. கோவலன் கொலையுண்பான் என அறிந்துகொண்டே நாம் மங்கல வாழ்த்தைப் படிக்கின்றோம். அவ்வாறு அறிந்து படித்தலினாலேயே மனையறம்படுத்த காதையின் இனிமை நெஞ்சை அறுக்கின்றது.

முடிவை முன்னே கூறி மனத்தைப் பிணித்தல் ஒரு முறை. ஒன்றும் கூறாது, கேட்பவரை வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அகன்றுவிடுதல் மற்றொரு முறை. இவ்விரண்டாவது முறையின் வலிமையை யான் உணர்ந்தது நாற்பது வயதைக் கடந்த பின்னர், பனி கொட்டும் தேசமொன்றில், 'மிஸ்ற்' என்னும் விளையாட்டின் மூலமே.

அவ்விளையாட்டு 1993 செப்ரெம்பர் 24 ஆந் திகதி அப்பிள் மக்கின்ரொஷ் கணனிகளுக்கென வெளியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்து ஸ்போகான் நகரையண்டி வாழ்ந்த றான்ட் மில்லர், றொபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவரும், அவர்கள் நிறுவிய சயான் என்னும் சிறு நிறுவனத்தாரும் அதனை ஆக்கினர். பெயர் ஜூல்ஸ் வேர்ணின் 'மர்மத் தீவு' என்னும் புதினத்திலிருந்து முளைத்தது. அப்புதினத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பலூனேறித் தப்பியோர் ஐவர் பெயரறியாத் தீவொன்றில் வந்து வீழ்வர். முகங்காட்டாத ஒருவர் அவர்களுக்கு மறைவிலிருந்து உதவிக்கொண்டிருப்பார். அந்த மறைந்த மனிதரையும் ஆளரவமற்ற தீவையும் மில்லர் உடன்பிறந்தார் எடுத்துக்கொண்டனர்.

தொடக்கம் இதுவே. இருண்ட திரையில் விண்மீன்கள் செறிந்த ஒரு பிளவு தோன்றுகின்றது. அதனுள் ஓர் ஆண்மகன் வீழ்கின்றான், வீழ்ந்தவாறே மறைகின்றான். ஒரு நூல் மாத்திரம் தொடர்ந்து வீழ்ந்துகொண்டு வருகின்றது. பெயர் சொல்லாத குரலொன்று, அந்நூல் தான் எண்ணியவாறு அழியாமற் போயிற்றென்றும், அஃது எவர் கையைச் சேருமோ என ஊகிக்க மாத்திரமே தன்னால் முடிந்ததென்றும் கூறி ஓய்கின்றது. நூல் எம் முன்னே வந்து விழுகின்றது. அதனைத் திறந்தால், பக்கத்திலே ஒரு சிறு சட்டகம். அதனுள் ஒரு தீவைப் பறவை சுற்றிப் பறந்து நோக்குமாப்போற் காட்சி நகர்கின்றது. விரலால் அதனைத் தொட்டவுடன் தீவின் இறங்குதுறையில் நிற்கின்றோம். அவ்வளவே. நூல் செய்தோன் பெயரில்லை. நுதலிய பொருளில்லை. கேட்போர் யாரென்பதில்லை. பயன் யாதென்பதும் இல்லை. பண்டிதர் கண்டிருப்பின் பிரம்பை எடுத்திருப்பார்.

துறையில் நீர் மரத்தூண்களைத் தட்டும் ஓசை கேட்கின்றது. அருகே ஒரு மரக்கலம் அமிழ்ந்து கிடக்க, அதன் பாய்மரம் மாத்திரம் நீருக்கு மேலே நிற்கின்றது. குன்றின் முடியில் மிகப் பெரும் பற்சக்கரங்கள். எதனைச் சுழற்றவென்று தெரியவில்லை. படிகளில் ஏறி இறங்கிச் சென்றால் ஒரு கோள்மண்டபம், முகப்பிற் தூண்கள் நிரைத்த நூலகம், தளிர்ப்பச்சை மரங்களிடையே ஒரு விண்ணோடம், மரக்குற்றிகளாற் கட்டிய குடில், கடலினுள்ளே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். மனிதர் எவருமில்லர். எவரும் எம்மைத் துரத்தவில்லை, காலக்கெடு இல்லை, இறந்துபோதலும் இல்லை. கையிற் படைக்கலமும் இல்லை. அக்காலக் கணனி விளையாட்டுக்களுள் இவை நான்கும் ஒருங்கே இல்லாத விளையாட்டு அரிது.

இத்தகைய தொடக்கத்திற்கு முன்னோர் உளர். 1970களின் நடுப்பகுதியில் வில் குறோதர் என்னும் அமெரிக்கக் கணனியாளர், கென்ரக்கி மாநிலத்து மமத் குகைத் தொகுதியிலே தாம் தவழ்ந்து திரிந்த குகைகளை மனத்திற்கொண்டு, தம் பெண்மக்கள் இருவரும் ஆடி மகிழ்தற்பொருட்டுச் சொற்களாலேயே ஆன ஒரு விளையாட்டை எழுதினார். 1977 இல் டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரித்தார். ஆடுபவரை ஒரு தெருவின் முடிவிலே, செங்கற் கட்டடமொன்றின் அருகே நிறுத்திவிட்டு, இனிச் செய்யவேண்டியதை அவரிடமே அது விட்டுவிடும். அதன் வழிவந்த 'சோர்க்' ஒரு வெள்ளை வீட்டின் புறத்தே தொடங்கும். ஆயின் அவற்றில் எதனையும் வாசித்தே அறிதல் வேண்டும். ஆங்கிலம் அறியாதானுக்கு அவ்வாயில்கள் அடைத்தவையே. மிஸ்றின் தீவில் வாசிக்க வேண்டியது தொடக்கத்தில் ஒரேயொரு சிறு கடிதம். இவ்வேறுபாட்டை ஏன் குறிப்பிட்டேன் என்பது பின்னர் விளங்கும்.

அத்தீவு ஆளின்றி இருந்ததற்குக் கலைநோக்கு மாத்திரம் காரணமன்று என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். அக்கால இறுவட்டு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 150 கிலோபைற் தரவையே கணனிக்குத் தரவல்லது. மனிதரை நடமாட விடுதற்கு அவ்வேகம் போதாது. ஆதலால் ஆக்கியோர் நிலையான படங்களையே நம்பினர். ஏறத்தாழ 2,500 படங்களைக் கணனியில் ஒவ்வொன்றாகத் தீட்டி, 'ஹைப்பர்காட்' என்னும் அட்டை அடுக்கு முறையில் அவற்றைக் கோத்தனர். வாசற்படியைத் தொட்டால் அடுத்த படம். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறந்த படம். வெறும் படக்காட்சி இது எனச் சிலர் அன்று இகழ்ந்ததுண்டு. அசையாத படத்தை மனிதன் நின்று நோக்குவான் என்பதை அவர்கள் எண்ணினாரில்லை. ஓடும் படத்தில் ஒருவரும் கதவின் துருவைப் பார்ப்பதில்லை. ஓசைகளிலும் இவ்வாறே சிக்கனமும் சூழ்ச்சியும் கலந்திருந்தன. கொதிகலத்தின் தீ எரியும் ஓசைக்கு உண்மைத் தீயைப் பதிவுசெய்து பார்த்தபோது அது தீயைப்போல ஒலிக்கவில்லையாம். கற்கள் பரவிய பாதையில் மெதுவாக ஊரும் மோட்டார் வண்டியின் ஓசையையே ஈற்றில் தீயாகச் சேர்த்தனர். இசை வேண்டாமென்று முதலில் எண்ணியிருந்து, பின்னர் றொபின் மில்லரே அதனையும் அமைத்தார். இவ்வாறு சில பேர் சேர்ந்து ஆக்கிய அவ்விளையாட்டு அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. 2002 இல் 'த சிம்ஸ்' முந்தும்வரை, தனியாட் கணனி விளையாட்டுக்களுள் விற்பனையில் அதுவே முதன்மை பெற்றிருந்தது.

மர்மம் எங்கே பிறக்கின்றது என்பதே யான் கூற விழைந்தது. பாதையோரப் புல்லின்மேல் ஒரு துண்டுக் கடிதம் கிடக்கும். அத்ரஸ் என்பவர் கத்தரின் என்பவளுக்கு எழுதியது. துறைமுகத்தை அடுத்த அறையில் மிக முதன்மையான செய்தியொன்றை உனக்கென வைத்துள்ளேன். தீவிலுள்ள அடையாள ஆளிகள் எத்தனையென்று எண்ணி அத்தொகையை அங்குள்ள கருவியிற் பொறித்தாற் செய்தியைக் காண்பாய் என்பது அதன் சாரம். ஆளிகள் எட்டு. அறையோ நாம் முதலடி வைத்த துறையிலேயே இருக்கின்றது. கதவைக் கடந்துதான் வந்திருக்கின்றோம். திரும்பிச் சென்று கருவியை இயக்கினால் அத்ரஸின் உருவம் தோன்றிப் பேசும். அவருடைய நூல்களிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. அழித்தவன் தம் புதல்வர் இருவருள் ஒருவன். ஒருவன்மீது ஐயமுண்டு, ஆயினும் அவசரப்பட்டு முடிவுசெய்தல் தகாது. எஞ்சிய நூல்களை மறைவிடங்களில் வைத்துள்ளேன், நீ கலங்காதே, பார்த்தபின் இச்செய்தியை அழித்துவிடு என்பார். ஒரு தகப்பன் மனைவியிடம் மாத்திரம் கூறத்தக்கதை, யாரென்றே தெரியாத நாம் நின்று கேட்டுவிடுகின்றோம். எனக்குத் தெரிந்தவரை, கணனிக் கதைகளில் ஆடுபவரை இத்துணை நாணச் செய்த இடம் வேறில்லை.

இனி எனது மருமகனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனது தங்கையும் அவள் மகனும் 1997 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தனர். அவனுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டெழுந்தபோது, அவர்களும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள். சாவகச்சேரியிலும் வன்னியிலும் பின்னர் கொழும்பிலுமாக ஓராண்டுக்கு மேற் கழிந்தது. எனது தந்தையார் அவர்களுடன் புறப்பட்டவர். 1996 இல் வன்னியிற் காய்ச்சல் கண்டு காலமானார். அச்செய்தி எனக்கு ஆறு கிழமை கழித்தே கிட்டியது.

பையன் பேசுவதில்லை. கேட்டதற்கு விடை சொல்வான், அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் புரியாமையால் அங்கும் வாய் திறப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் அவனுக்கும் எனக்கும் இடையே நிலவிய மௌனத்தை யான் எவ்வாறு விவரிப்பேன்! எனது மனைவி அவனுக்குப் பிடித்ததென்று எண்ணி ஆக்கியவையெல்லாம் தட்டிலேயே ஆறிக்கிடக்கும். ஊரில் 1990 முதலே மின்சாரம் இல்லாதிருந்தமையால் அவன் கணனியை அருகிருந்து கண்டதுமில்லை. பனிக்காலத்து ஞாயிறொன்றில், யான் 1995 இல் வாங்கி வேலைப்பளுவாற் கிடப்பிற் போட்டிருந்த மிஸ்ற் இறுவட்டை எடுத்துப் போட்டு, அவனைக் கதிரையில் அமர்த்தினேன். வேறெந்த விளையாட்டாயினும் ஆங்கிலம் குறுக்கே நின்றிருக்கும். இங்கே கைவிரற் குறியொன்றை நகர்த்தி எங்கு வேண்டுமாயினும் போகலாம். தொடக்கத்துக் குரல் கூறியதை அவனுக்குத் தமிழிற் சொன்னேன். தலையசைத்தான். துறையில் இறங்கினான்.

யான் ஆடியபோது குன்றின்மேல் ஏறி, பற்சக்கரங்களைப் பார்த்து வியந்து, அவ்வாறே சுற்றித் திரிந்திருந்தேன். அவன் வியக்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே நோக்கினான். திறந்து கிடந்தவை, மூடிக் கிடந்தவை என இரண்டாக வகுத்தான். புல்லின்மேற் கிடந்த கடிதத்தைக் கண்டவுடன் நின்றான்.

"இவையள் வெளிக்கிட்டுக் கனநாளில்லை, மாமா. கடதாசி இன்னும் நனையேல்லை" என்றான்.

அவன் எம் வீட்டில் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. கடிதத்தை வாசித்துப் பொருள் சொன்னேன். அறை எங்கே என அவன் தேடவில்லை. வந்திறங்கிய துறையருகே கதவொன்றைக் கண்டிருந்தான். நேரே அங்கு போனான். எவ்வாறு தெரியுமென்று வினவினேன். "வாசலுக்குக் கிட்டத்தானே வைச்சிட்டுப் போவினம்" என்றான். ஆளிகளை எண்ணிச் செய்தியை இயக்கினோம். அத்ரஸின் பேச்சைத் துண்டுதுண்டாகத் தமிழிற் சொன்னேன். கேட்டு முடிந்தபின் சிறிது நேரம் திரையைப் பார்த்திருந்தான். பின்னர், "அப்ப அந்த அம்மா இன்னும் வரேல்லை. வந்திருந்தா கடிதத்தை எடுத்திருப்பா" என்றான்.

இவ்விளையாட்டைப் பற்றி யான் பின்னர் எத்தனையோ மதிப்புரைகளைப் படித்துள்ளேன். ஒளியமைப்பையும் புதிர்களையும் அவை புகழும். கத்தரின் வரவில்லை என்பதே அத்தொடக்கத்தின் உயிர்நிலையென இத்துணைச் சுருக்கமாகச் சொன்னாரை யான் கண்டதில்லை. கடிதம் புல்லின்மேல் இருக்கின்றதெனின், அது உரியவரைச் சேரவில்லை. செய்தி அழிக்கப்படவில்லையெனின், கேட்கவேண்டியவள் கேட்கவில்லை. புறப்பட்டவர் திரும்பவில்லை. இவை மூன்றையும் ஆக்கியோர் வாயாற் சொல்லவில்லை, பொருள்களைக் கிடக்கவிட்டனர். ஊரொன்று ஓரிரவில் ஒழிந்ததைக் கண்ட பிள்ளைக்கு அப்பொருள்கள் பேசின. அடுப்பிலே சோறு, கொடியிலே உடுப்பு, வாசலிலே சங்கிலி அவிழ்த்துவிட்ட நாய் என அவன் அறிந்திருந்த அகராதி வேறு.

நூலகத்தைப் பற்றி எழுதத் தயங்குகின்றேன். எனினும் எழுதாமல் விடுதல் இயலாது. தீவின் நூலகத்து அலுமாரியில் நூல்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். கிட்டச் சென்றால் அவற்றுட் பெரும்பாலானவை எரிந்து கரிந்தவை. யான் 1970களில் பள்ளி விட்டதும் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சென்று, மாலை விளக்கேற்றும் நேரம்வரை இருந்து வாசித்தவன். 1959 இல் திறக்கப்பட்ட அவ்வெண்மாடத்தின் குளிர்ந்த தரையும், பக்கம் புரளும் ஓசையும் எனக்கு இன்றும் நினைவில் உண்டு. 1981 ஜூன் முதலாந் திகதி இரவு அஃது எரியுண்டபோது யான் இந்நாட்டில் இருந்தேன். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. தந்தையார் எழுதிய கடிதத்தில் அதைப்பற்றி ஒரே வரிதான் இருந்தது. மருமகனோ அதன்பின் பிறந்தவன். கருகிய சுவர்களையன்றி நூலகமென அவன் கண்டது வேறொன்றில்லை. ஆதலால் திரையில் அவ்வலுமாரியைக் கண்டு யான் கையை எடுத்துவிட்ட வேளையில், அவன் அமைதியாக ஒவ்வொரு நூலாகத் தொட்டுக்கொண்டு போனான். எவை திறக்கின்றன என்று பார்த்தான். "ஐஞ்சு மிச்சம், மாமா" என்றான். ஆம், ஐந்துதான். நான்கு குறிப்பேடுகள், ஐந்தாவது வடிவங்கள் வரைந்த ஒரு புத்தகம். எரிந்தவற்றை எண்ணுதல் என் தலைமுறையினர் வழக்கமாயிற்று. எஞ்சியதை எண்ணுதல் அவன் பழக்கம்.

அதே நூலகத்தில் சிவப்பு நூலொன்றும் நீல நூலொன்றும் உண்டு. சிவப்பினுள் சிறையுண்டவன் சிரஸ், நீலத்தினுள் அக்கனார். அவ்விருவருமே அத்ரஸின் புதல்வர். நூல்களின் தாள்கள் பல காணாமற் போயிருத்தலால் அவர்தம் உருவும் குரலும் இரைச்சலுள் அமுங்கிச் சிதைந்து வரும். தாள்களைத் தேடிக்கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்கப் பேச்சுத் தெளியும். ஒருவன் மற்றவனைக் குற்றஞ் சாட்டுவான். முதன்முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கிலம் அறியாத மருமகனோ திரையருகே செவியைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஊரில் மின்கலமும் கிடையாத அந்நாட்களில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலியை இயக்கித் தமிழோசை கேட்ட தலைமுறை அவனுடையது. சுழற்றும் கை தளர்ந்தால் செய்தி இரைச்சலாகும். சுழற்றியவன் அவன், கேட்டுச் சொன்னவர் எனது தந்தையார். இதையெல்லாம் அவன் அன்றுதான் எனக்குச் சொன்னான். மாலை ஐந்து மணி தொடங்கி இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னான். தங்கை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விளையாட்டின் எஞ்சிய பகுதியைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. தொடக்கத்தின் உயரத்துக்கு அது எங்கும் எட்டவில்லை என்பது எனது கருத்து. நூல்களின் வழியே செல்லும் நான்கு உலகங்களுள் நீர்மேல் நிற்கும் மரநகரம் அழகியது. நிலத்தடித் தண்டவாளச் சிக்கலோ பொறுமையைச் சோதிப்பது. அதனை விரும்பிய எவரையும் யான் சந்தித்ததில்லை. புதல்வர் இருவரின் நடிப்பும் எமது நாடகப் போட்டிகளிற்கூடப் பரிசு பெறாது. தகப்பனாகவும் அக்கனாராகவும் நடித்தவர் றான்ட் மில்லர். சிரஸாக நடித்தவர் றொபின். ஆக்கியோரே நடிகராதலின் எவர் அவர்களைத் திருத்துவார்? ஆயினும் அவ்வுலகங்களிலே புதல்வர் தங்கிய அறைகளைக் காண்பது பயனுடையது. ஒருவனுடைய அறைகளிற் பொன்னும் பட்டும். மற்றவனுடையவற்றிற் கூண்டும் வதைக்கருவியும். அவற்றைக் கண்டபின் மருமகன் இருவருள் எவனுக்கும் கடைசித் தாளைக் கொடுக்க மறுத்துவிட்டான். அதுவே சரியான வழி. அவ்வாறு செய்யாதார் தாமே நூலினுள் சிறைப்படுவர். மறைவிலிருந்த பச்சை நூல்வழி அத்ரஸை அடைந்து, அவர் கேட்ட தாளை அவரிடமே சேர்த்தான். நூலகத்துக்குத் திரும்பியபோது சிவப்பு நூலும் நீல நூலும் இருந்த இடங்களில் கருகிய தழும்பு மாத்திரம் இருந்தது. வெற்றி முழக்கமோ பரிசோ இல்லை. தீவு முன்போலவே கிடக்க, அதில் உலாவலாம். கத்தரின் கடைசிவரை திரையில் தோன்றவேயில்லை. அக்குடும்பத்தின் கதையை 1995 இலும் அதன்பின்னும் வந்த புதினங்களும், 1997 இல் வந்த 'றிவன்' என்னும் அடுத்த விளையாட்டும் விரித்தன. விரித்தது நன்றோவென்பதில் எனக்கு ஐயமுண்டு. பெயர்களும் வமிசமும் வரலாறும் வந்து சேர்ந்தபின், புல்லின்மேற் கிடந்த கடிதம் சிறுத்துவிட்டது.

மிஸ்ற் பெட்டியினுள் இறுவட்டுடன் எழுதாத குறிப்புப் புத்தகமொன்றும் வைத்து விற்றனர். ஆடுபவர் தாம் கண்டதை எழுதிக்கொள்ளவேண்டும் என்பது கருத்து. மருமகன் அதில் மூன்று மாதம் எழுதினான். தீவின் வரைபடம், ஆளிகளின் இடம், கோபுரம் திரும்பும் திசை, ஒவ்வொரு கதவின் நிலை என யாவும் தமிழிற் குறித்தான். விளையாட்டு முடிந்தபின்னும் அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் தங்கை அதனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். தீவின் வரைபடத்துக்கு அடுத்த தாளில் எமது வளவின் வரைபடம் இருந்தது. படலை, கிணறு, கிணற்றடி வாழைகள், பின்வேலிப் பூவரசு, மாட்டுக் கொட்டில். கொட்டிலுக்கும் பூவரசுக்கும் இடையில் ஒரு புள்ளி. அருகே 'அப்புவின்ரை பெட்டி' என்று எழுதி, பூவரசிலிருந்து எத்தனை அடியென்பதும் குறித்திருந்தான்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று பின்னேரம் தந்தையார் குழி வெட்டியிருக்கின்றார். பையன் லாம்பு பிடித்திருக்கின்றான். தங்கை அவ்வேளை கைக்குழந்தையுடன் நின்ற அயல்வீட்டாருக்கு உதவப் போயிருந்தாள். அவளுக்கு அது தெரியாது. தந்தையார் வன்னியிற் கண்ணை மூடியபின் அப்பெட்டியைப் பற்றி அறிந்தவன் அவன் ஒருவனே. ஏன் இதுவரை சொல்லவில்லை என்று யான் கேட்டேன். எவரும் கேட்கவில்லை என்றான்.

2002 ஏப்ரிலில் கண்டி வீதி திறந்தது. மறு ஆண்டு தங்கை ஊருக்குப் போனாள். குறிப்புப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குக் கூரை இல்லை, கொட்டிலும் இல்லை, பூவரசு நின்றது. அயலிலிருந்த இளைஞர் இருவர் அளந்து தோண்டினர். தகரப்பெட்டி இருந்தது. காணியுறுதிகள் பொலித்தீன் உறையுள் நனையாமல் இருந்தன. தாயாரின் கண்ணாடியும், எனது சான்றிதழ்களும், நான் எழுதியவை வந்த கல்லூரி மலர்கள் இரண்டும் அதனுள் இருந்தனவாம். மலர்களைக் கறையான் அரித்துவிட்டது.